பழைய, மலிவான கன்சோல்களை மக்கள் ஏன் கைவிடுவதில்லை? பிளேஸ்டேஷன் 2-ஐ முன்வைத்து ஒரு விவாதம்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டு விடுமுறையில், உண்டியலில் சேர்த்த பணத்தைக் கொண்டு, யாரோ பயன்படுத்தி விற்ற பிளேஸ்டேஷன் 2 (தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் சோனியின் கன்சோல்) ஒன்றை வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறான். அந்தக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2000 மார்ச் 4 அன்று. அப்போது அவன் பிறக்கவே இல்லை. பழைய நினைவுகளுக்காகத்தான் மக்கள் பழைய கன்சோல்களைத் தேடிப் போகிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவனுக்கோ அந்தக் கருவியோடு நினைத்துப் பார்க்க ஒரு நாள்கூட இல்லை. பிறகு ஏன் வாங்கினான் என்று யோசிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்த இழை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் வைக்கிறேன். பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தது 2006 நவம்பரில். ஆனால் அதற்கு முந்தைய கருவியின் உற்பத்தியை உலகெங்கும் நிறுத்துவதாக சோனி அறிவித்தது 2013 ஜனவரியில்தான். அதாவது, அடுத்த தலைமுறைக் கருவி கடைக்கு வந்த பிறகும் 6 ஆண்டுகளுக்கு மேல் பழைய கருவியைத் தயாரித்து விற்றிருக்கிறார்கள். 'காட் ஆஃப் வார் 2' என்ற பெரும் விளையாட்டு 2007 மார்ச்சில் வந்தபோது, புதிய கருவியை விட்டுவிட்டுப் பழைய கருவிக்கே வந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில், பிளேஸ்டேஷன் 4 கடைகளுக்கு வந்த அதே பருவத்தில், 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 2014' என்ற கால்பந்து விளையாட்டு பிளேஸ்டேஷன் 2-க்கும் வந்தது. மொத்தம் 15.5 கோடிக்கு மேல் விற்ற கருவி இது. இத்தனைக்கும் காரணம் விலை மட்டும்தானா? வேறு ஏதேனும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சாலிடர்க்கம்பி:

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில் 14 ஆண்டுகளாகக் கன்சோல்களைப் பழுது பார்த்து வருகிறேன். விலை எப்படி இறங்கியது என்பதைக் கருவியின் உள்ளிருந்தே சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வந்த பெரிய கருவியைத் திறந்தால், ஈமோஷன் எஞ்சின் என்ற மையச் செயலியும் கிராஃபிக்ஸ் சிந்தசைசர் என்ற வரைகலைச் சில்லும் தனித்தனியே அமர்ந்திருக்கும். அவற்றின் சூட்டைத் தணிக்க ஒரு விசிறி, உள்ளேயே மின்வழங்கி, பின்புறத்தில் ஹார்டு டிஸ்க் பொருத்துவதற்கு ஓர் அறை என்று பெட்டி நிறைந்திருக்கும். 2004இல் வந்த மெலிந்த கருவியில் அந்த அறை இல்லை. மின்வழங்கி வெளியே அடாப்டராகப் போய்விட்டது. பெட்டியின் தடிமன் 2.8 சென்டிமீட்டராகச் சுருங்கியது. இரண்டு பெரிய சில்லுகளும் 90 நானோமீட்டர் முறையில் ஒரே சில்லாக இணைக்கப்பட்டன. சில்லு சிறியதானால் ஒரே சிலிக்கன் வட்டிலிருந்து அதிக எண்ணிக்கை கிடைக்கும், மின்சாரம் குறைவாகச் செலவாகும், சூடு குறையும், சூட்டைக் கடத்தும் உலோகத் தகடும் சிறியதாகும். இவை ஒவ்வொன்றும் சில டாலர்களை மிச்சப்படுத்தும். அமெரிக்காவில் 2000இல் 299 டாலராக இருந்த விலை 2002இல் 199, 2004இல் 149, 2006இல் 129, 2009இல் 99 என்று படிப்படியாக இறங்கியதற்குப் பின்னால் இந்தச் சுருக்கும் வேலைதான் இருந்தது. பிளேஸ்டேஷன் 3 அங்கே 499, 599 டாலர் என்ற இரண்டு விலைகளில் வந்தபோது, பக்கத்து அலமாரியில் 129 டாலருக்குப் பழைய கருவி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியில் டிவிடி படங்களைப் பார்க்கலாம். பிள்ளைக்கு விளையாட்டுக் கருவி வாங்கித் தரத் தயங்கிய பல அப்பாக்கள், "வீட்டுக்கு டிவிடி பிளேயர் வாங்கியதாக இருக்கட்டும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கணக்கன்:

சாலிடர்க்கம்பி அண்ணா சொன்ன விலைக் கணக்கை மறுக்க முடியாது. ஆனால் நம் ஊரில் நடந்ததை மறைக்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். என் நண்பர்கள் வட்டத்தில் சிப் (நகல் தட்டுகளை ஓட வைக்கும் கூடுதல் சில்லு) போடாத பிளேஸ்டேஷன் 2-ஐ நான் பார்த்ததே இல்லை. அசல் விளையாட்டுத் தட்டு (டிஸ்க்) ஒன்றுக்கு ஆகும் பணத்தில் பர்மா பஜாரில் பத்துப் பதினைந்து நகல் தட்டுகளை வாங்கிவிடலாம். நாங்கள் அவற்றை 'சிடி' என்றே சொல்வோம். பிளாஸ்டிக் உறையில் மங்கலான அச்சுப் படத்தோடு வரும். நகலைத் தடுக்கும் பிளேஸ்டேஷன் 3-இன் பூட்டு 2010 வரை உடையவில்லை. ஆகவே நம்மைப் போன்ற நாடுகளில் மக்கள் பழைய கருவியைப் பிடித்துக்கொண்டதற்கு முதற்காரணம் நகல் தட்டுதான். கருவியின் விலை ஒரு முறை கொடுப்பது. விளையாட்டின் விலை வாழ்நாள் முழுவதும் கொடுப்பது. அந்த இரண்டாவது செலவு ஏறத்தாழ இல்லாமல் போனதுதான் இதன் உயிர் என்பது என் கருத்து.

சாலிடர்க்கம்பி:

தம்பி, நீங்கள் சொல்வதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தச் சிப்புகளின் நுண்ணிய கம்பிகளைப் பற்றவைத்த கைகளில் என் கையும் ஒன்று. ஆனால் சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோலை இந்தக் கணக்கில் எங்கே வைப்பீர்கள்? அதற்குச் சிப்பே வேண்டாம். சாதாரண எழுதும் சிடியில் நகலெடுத்துப் போட்டாலே பெரும்பாலானவை ஓடின. 2001 ஜனவரி இறுதியில் சேகா கைவிடுவதாக அறிவித்த பிறகு விலையும் மளமளவென்று சரிந்தது. மலிவும் இருந்தது, நகலும் இருந்தது. ஆயினும் அது ஒரு கோடியைக்கூட எட்டாமல் நின்றுவிட்டது. இன்று அதைத் தேடி என் பட்டறைக்கு வருபவர்கள் சேகரிப்பாளர்கள் மட்டுமே. மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸும் அப்படித்தான்: எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும் பழையதைத் தொடர்ந்து வளர்க்க யாரும் முன்வரவில்லை. ஆகவே விலையையும் நகலையும் தாண்டி ஒரு மூன்றாவது காரணம் இருந்தாக வேண்டும்.

மருதாணி:

அந்த மூன்றாவது காரணத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள். பணியின் பொருட்டு இரண்டு ஆண்டுகள் சாவோ பாவ்லோவில் இருந்தேன். பழைய கன்சோல்கள் நீடிப்பதில் பிரேசிலுக்கு இணையான நாட்டை நான் அறியேன்.

சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் 8-பிட் கருவி. ஜப்பானில் அதன் முன்னோடி வந்தது 1985இல். அமெரிக்காவில் நின்டெண்டோவிடம் தோற்று ஒதுங்கியது. அதை 1989இல் பிரேசிலுக்குக் கொண்டுவந்தது டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம். வெளிநாட்டு மின்னணுப் பொருட்கள் மீது பிரேசில் போட்ட தடைகளும் வரிகளும் மிகக் கடுமையானவை. அமேசான் காட்டின் நடுவே மனாஸ் நகரத்தில் உள்ள வரிச்சலுகை மண்டலத்தில் தயாரித்தால் அந்தச் சுமை பெருமளவு குறையும். டெக்டாய் அங்கே ஆலை வைத்துக் கருவியை உள்நாட்டிலேயே தயாரித்தது. புதிய தலைமுறைக் கருவிகள் இறக்குமதி வரியோடு எட்டாத உயரத்தில் இருக்கும்போது, உள்ளூரில் தயாரான பழைய கருவி ஒரு தொழிலாளி தன் குழந்தையின் பிறந்தநாளுக்கு வாங்கக்கூடிய விலையில் இருந்தது. 2016 வாக்கில் அதன் விற்பனை 80 லட்சத்தை எட்டியிருந்தது. கருவி பிறந்து 30 ஆண்டுகள் கழிந்த பின்னும் அது அங்கே கடையில் புதுப் பெட்டியாகக் கிடைத்தது.

ஆனால் வரி மட்டும் இதைச் செய்யவில்லை. டெக்டாய் அந்தக் கருவியை ஓயாமல் கவனித்துக்கொண்டது. 'ஃபான்டஸி ஸ்டார்' என்ற நீண்ட கதை விளையாட்டை 1991இல் போர்த்துகீசிய மொழியில் பெயர்த்து வெளியிட்டார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்த மோனிகா என்ற படக்கதைச் சிறுமியை, வேறொரு விளையாட்டின் கதாநாயகன் இருந்த இடத்தில் பொருத்தி, பொம்மை முயலைச் சுழற்றிச் சண்டையிட வைத்தார்கள். 1997இல், வேறெங்கும் மாஸ்டர் சிஸ்டம் மறந்துபோன பிறகு, அதற்கென்று 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ஐ உருவாக்கினார்கள். பிற்காலக் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் உள்ளேயே பதிந்து வந்தன. விளையாட்டு பதிந்த கேட்ரிட்ஜ் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

போர்த்துகீசியத்தில் கதை சொல்லும் அந்த விளையாட்டை ஒரு நண்பரின் வீட்டில் பார்த்த அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. என் சிறுவயதில் தமிழில் பேசும் கன்சோல் விளையாட்டு ஒன்றைக்கூட நான் கையில் எடுத்ததில்லை. எழுத்து புரியாமல், படத்தை மட்டும் பார்த்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று ஊகித்து விளையாடிய தலைமுறை நாம். ஒரு பழைய கருவிக்குத் தன் மொழியைக் கற்றுக்கொடுக்க யாரோ மெனக்கெட்டால், அந்த மக்கள் அதை எளிதில் விட்டுவிட மாட்டார்கள் என்பதை அன்று நேரில் கண்டேன்.

பிளேஸ்டேஷன் 2-இலும் இதே கதைதான். சோனி அதை பிரேசிலில் முறைப்படி விற்கத் தொடங்கியது 2009இல். அதற்குள் கள்ளச் சந்தை வழியாக அது நாடெங்கும் பரவியிருந்தது. கணக்கன் அவர்கள் சொன்ன சிப்பும் நகலும் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கொனாமி நிறுவனத்தின் பழைய கால்பந்து விளையாட்டை எடுத்து, உள்நாட்டு அணிகள், புதிய ஆட்டக்காரர்கள், புதிய சட்டைகள், உள்ளூர் வர்ணனை எல்லாவற்றையும் சேர்த்து 'போம்பா பேட்ச்' என்ற பெயரில் பருவத்துக்குப் பருவம் புதுப்பித்து வருகிறார்கள். ஆக, தயாரித்தவர் கைவிட்ட பிறகும் ஒரு கருவிக்குப் புதிய விளையாட்டு வந்துகொண்டிருக்கிறது. நான் தேடும் மூன்றாவது காரணம் இதுதான்: சுற்றியுள்ளவர்கள் எல்லாரும் வைத்திருப்பதால் அதற்காக உழைப்பவர்கள் உருவாகிறார்கள், உழைப்பவர்கள் இருப்பதால் மேலும் பலர் வாங்குகிறார்கள். டிரீம்காஸ்ட்டுக்கு அந்தச் சுற்றம் உருவாகும் முன்பே அதன் காலம் முடிந்துவிட்டது.

பனைநிழல்:

மருதாணி அக்கா எழுதியதை வாசித்ததும் எங்கள் ஊர்க் கடையின் நினைவு வந்தது. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். போரால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி 2002இல் திறந்த பிறகுதான் கொழும்புப் பொருட்கள் தரைவழியாக எங்களிடம் வரத் தொடங்கின. பிறகு 2006இல் வீதி மீண்டும் மூடப்பட்டது. இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் சந்தியில் இருந்த கடைக்காரர் இரண்டு பிளேஸ்டேஷன் 2 கருவிகளை வாங்கி, மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விளையாட விட்டார். வீதி மூடியதும் புதிய கருவி வரவில்லை, புதிய தட்டும் வரவில்லை. இருந்த இரண்டு கருவிகளும் இருந்த தட்டுகளுமே எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. கெட்டுப்போன கன்ட்ரோலரின் இரப்பரை மாற்றி, அறுந்த வயரைப் பிணைத்து, மின்சாரம் இல்லாத நேரத்தில் மின்பிறப்பாக்கியில் ஓட்டி, அவர் அவற்றை உயிரோடு வைத்திருந்தார். இணைய இணைப்பு, கணக்கு, கடவுச்சொல் எதையும் கேட்காத கருவி என்பதால்தான் அது அப்படியான காலத்தைத் தாங்கியது.

நாங்கள் விளையாடியது பெரும்பாலும் கிரிக்கெட். வீதி மீண்டும் திறந்த பிறகு எங்கள் கடைக்கு வந்து சேர்ந்த 'கிரிக்கெட் 07', 2006 நவம்பரில் இ.ஏ. ஸ்போர்ட்ஸ் வெளியிட்டது. கணினிக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் மட்டுமே அது வந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கிரிக்கெட் வரிசையையே நிறுத்திவிட்டது. உரிமம் இல்லாததால் எங்கள் வீரர்களின் பெயர்கள் அதில் திரிந்திருந்தன. துடுப்பைப் பிடிக்கும் விதத்தையும் பந்து வீசும் விதத்தையும் வைத்து, இவர் இன்னார் என்று நாங்களே அடையாளம் கண்டுகொண்டோம். கிரிக்கெட்டை உயிராக நினைக்கும் தெற்காசியாவில், மிகுந்த விருப்பத்துக்குரிய கிரிக்கெட் விளையாட்டு பழைய கருவியோடு நின்றுபோனால், ஆட்களும் அந்தக் கருவியோடுதான் நிற்பார்கள். வெளிநாட்டுக் கட்டுரைகள் எதிலும் இந்தக் காரணம் பேசப்பட்டு நான் வாசித்ததில்லை என்பதால் இதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

வைகைக்கரை:

பனைநிழல் தம்பி, மிக நல்ல பதிவு. இந்தியாவில் கோட்மாஸ்டர்ஸ் என்ற வேறொரு நிறுவனத்தின் 'பிரையன் லாரா' வரிசைக் கிரிக்கெட் விளையாட்டு, 2007இல் 'யுவராஜ் சிங் இன்டர்நேஷனல் கிரிக்கெட்' என்ற பெயரில் விற்கப்பட்டதும் எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது.

மருதாணி அவர்கள் சொன்ன சுற்றம் இந்தியாவிலும் இருந்தது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2009இல், அதாவது பிளேஸ்டேஷன் 3 வந்து மூன்றாம் ஆண்டில், ஹைதராபாத்தில் உருவான 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டை சோனி பிளேஸ்டேஷன் 2-க்கு வெளியிட்டது. முழுவதும் இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு அது. அதே ஆண்டில், அதே நகரத்திலிருந்து, கபடியும் பட்டம் விடுதலும் கிட்டிப்புள்ளும் அடங்கிய 'தேசி அட்டா' வந்தது. இரண்டும் தரத்தில் உயர்ந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். முதலாவதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனால் இந்தியக் குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டைச் செய்ய நினைத்தபோது, அவர்கள் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். புதிய கருவியில் நூறு வசதி இருக்கலாம். அது வீடுகளில் இல்லை.

வீடுகளில் இருந்தது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2006இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியின் மஞ்சள், வெள்ளைத் துளைகளில் பிளேஸ்டேஷன் 2-இன் வயரைச் சொருகினால் போதும். பிளேஸ்டேஷன் 3-இன் அழகை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் உயர்தெளிவுத் தொலைக்காட்சி வேண்டும்; அன்றைக்கு அதன் விலை கன்சோலின் விலையையும் தாண்டியது. கருவியின் விலை என்று நாம் சொல்வது எப்போதும் பாதி விலைதான்.

இளவேனில்:

நான் 2004இல் பிறந்தவள், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இந்த இழையின் முதல் பதிவில் உள்ள அக்கா மகனின் இடத்திலிருந்து பேசக்கூடியவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. எங்கள் விடுதி அறையில் மூவரும் பங்கு போட்டு வாங்கிய பிளேஸ்டேஷன் 2 இருக்கிறது.

நீங்கள் எல்லாரும் 2006இன் விலைகளைப் பேசுகிறீர்கள். இன்றைய நிலையைச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021இல் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அடுத்த ஆண்டே 54,990 ஆனது. அப்போது புதிய பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 4,999 ரூபாய் வரை இருந்தது. அந்த ஒரு விளையாட்டின் விலைக்குள் எங்கள் கருவி, இரண்டு கன்ட்ரோலர்கள், மெமரி கார்டு எல்லாம் அடங்கிவிட்டன. தட்டை வாங்கிப் போட்டாலும் பல ஜிபி அளவுக்குப் புதுப்பிப்பை இறக்கிய பிறகுதான் புதிய விளையாட்டுகள் பல சரியாக ஓடுகின்றன. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைபேசித் திட்டத்தை வைத்துக்கொண்டு 80 ஜிபி விளையாட்டை எத்தனை நாளில் இறக்குவது? எங்கள் கருவியில் தட்டில் இருப்பதுதான் விளையாட்டு. அது 2004இல் எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கிறது. யாரும் அதை எங்களிடமிருந்து தொலைவிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

கூடவே, ஒரே அறையில், ஒரே திரையில், தோளோடு தோள் உரச உட்கார்ந்து விளையாடும் விளையாட்டுகள் அதில் மிகுதி. 2003இல் வந்த 'ஸ்மேக்டவுன்: ஹியர் கம்ஸ் தி பெயின்' என்ற மல்யுத்த விளையாட்டு இந்தக் கருவிக்கு மட்டுமே வந்தது. அதில் வரும் மல்யுத்த வீரர்கள் பலரை எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்து அறைப் பெண்கள் கதவைத் தட்டுவது அதற்காகத்தான். இன்றைய பல விளையாட்டுகளில் நண்பருடன் விளையாட நண்பருக்கும் ஒரு கருவியும் ஒரு சந்தாவும் வேண்டும். எனக்கு இதில் பழைய நினைவு எதுவும் இல்லை. இது எனக்குப் புதிய கருவி. 3,800-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளோடு ஒரே நாளில் என் கைக்கு வந்த புதிய கருவி.

கணக்கன்:

இளவேனிலின் கடைசி வாக்கியம் என்னை மீண்டும் யோசிக்க வைத்தது. என் முதல் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். நகல் தட்டு நம் ஊரில் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் உள்ளே ஆட்களைப் பிடித்து வைத்தது அந்த விளையாட்டுக் குவியல். கருவி வெளிவந்த முதல் ஆண்டில் விலை உச்சத்தில் இருக்கும், விளையாட்டுகள் சொற்பமாக இருக்கும். ஆசையில் வாங்குபவர் அதிகப் பணம் கொடுத்துக் குறைவாகப் பெறுகிறார். எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து வருபவருக்கு விலை அடிமட்டத்தில் இருக்கிறது, விளையாட்டுகள் உச்சத்தில் இருக்கின்றன, எது நல்லது எது தேறாது என்று முன்னே போனவர்கள் சலித்தும் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, முதல் பிளேஸ்டேஷனின் தட்டுகளையும் இந்தக் கருவி ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்கு முந்தைய தலைமுறையின் குவியலும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நேர்மாறாக, பிளேஸ்டேஷன் 3-இல் சோனி செய்ததையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் வந்த கருவிகளுக்குள் பிளேஸ்டேஷன் 2-இன் சில்லுகளையே வைத்து, பழைய தட்டுகள் ஓடச் செய்தார்கள். செலவைக் குறைப்பதற்காக அவற்றைப் பின்னர் எடுத்துவிட்டார்கள். 2007இன் இறுதியில் வந்த 40 ஜிபி கருவியில் பிளேஸ்டேஷன் 2 தட்டுகள் ஓடவே இல்லை. அலமாரி நிறையத் தட்டு வைத்திருந்தவர் புதிய கருவியை வாங்கினாலும் பழையதை விற்க முடியாமல் போனது அதனால்தான். அந்த முடிவு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது, ஆனால் பழைய கருவியின் ஆயுளை நீட்டியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

மருதாணி:

கணக்கன் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாம் இதுவரை பேசியவை எல்லாம் காலப்போக்கில் மலிவானவை. பிறக்கும்போதே பழையதாகவும் மலிவாகவும் பிறந்த கருவி ஒன்று உண்டு. அது நின்டெண்டோவின் கேம் பாய். 1989 ஏப்ரலில் வந்தபோது அதன் திரையில் வண்ணம் இல்லை. பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் நான்கு சாயல்கள் மட்டுமே. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோயி. வாடி முதிர்ந்த தொழில்நுட்பத்தை வேறொரு பக்கத்திலிருந்து சிந்திப்பது என்று பொருள்படும் ஜப்பானியத் தொடர் ஒன்றை அவர் தம் கொள்கையாக வைத்திருந்தார். நன்கு பழகிய, விலை இறங்கிய, குறைபாடுகள் எல்லாம் தெரிந்துபோன பாகங்களை எடுத்து, அவற்றுக்குப் புதிய பயன் காண்பது என்பது அதன் சாரம்.

அதன் பலனைப் பேட்டரியில் பார்க்கலாம். கேம் பாய்க்கு நான்கு பென்சில் பேட்டரிகள் போதும். 15 மணி நேரம் போல ஓடும். அடுத்த ஆண்டில் வண்ணத் திரையோடு வந்த சேகாவின் கேம் கியருக்கு ஆறு பேட்டரிகள் வேண்டும்; மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் அவை தீர்ந்துவிடும். ஒரு சிறுவனின் கைச்செலவுப் பணத்தில் எது ஓடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1996இல் ஜப்பானில் 'போக்கிமான்' விளையாட்டு வந்தபோது கேம் பாய்க்கு ஏறத்தாழ ஏழு வயது. புதிய தலைமுறைக் கருவி எதுவும் இல்லாமலே, பழைய கருவி மீண்டும் நாடெங்கும் விற்கத் தொடங்கியது. கேம் பாய் கலரையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்ற வரிசை அது.

சாலிடர்க்கம்பி:

நம் ஊரின் 'டிவி கேமை' யாரும் குறிப்பிடவில்லையே என்று எழுதுகிறேன். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. அதன் நகல்கள்தான் நம் திருவிழாக் கடைகளில் '9999 இன் 1' கேசட்டோடு தொங்கியவை. ரஷ்யாவில் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் ஒரு தலைமுறையே விளையாடியதும் இதே நகல்தான். திறந்து பார்த்தால் முழுக் கருவியும் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் இருக்கும். 1983இல் ஒரு பலகை நிறைய இருந்த மின்சுற்று அது. அசலின் உற்பத்தியை நின்டெண்டோ 2003இலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பிசின் பொட்டு இன்னும் விற்கிறது.

இளவேனில்:

ஐயா, ஒரு நடைமுறைச் சந்தேகம். எங்கள் கருவி சில நாட்களாகத் தட்டைப் படிக்கத் திணறுகிறது. சிலவற்றைப் படிக்கிறது, சிலவற்றைக் கையில் எடுத்துத் துடைத்து மூன்று முறை போட வேண்டியிருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா, அல்லது வேறு வழி உண்டா?

சாலிடர்க்கம்பி:

அம்மா, முதலில் லென்ஸை மாற்றாதீர்கள். மூடியைத் திறந்து, பஞ்சு நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, லென்ஸின் மேல் அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் வண்டி ஓடும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் காய்ந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பத்தில் ஆறு கருவிகள் என் பட்டறையில் இத்தோடு சரியாகிவிடுகின்றன. அப்போதும் படிக்கவில்லையென்றால் மட்டும் லென்ஸை மாற்றலாம். புதிதாக வரும் லென்ஸ்களில் ஒரு சிறு சாலிடர்ப் பொட்டு வைத்திருப்பார்கள், நிலைமின்சாரம் அதைக் கொன்றுவிடாமல் காப்பதற்காக. பொருத்தி முடித்த பிறகு அந்தப் பொட்டை நீக்க வேண்டும். இது தெரியாமல் புதிய லென்ஸையே குறை சொல்லித் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர்.

லென்ஸே வேண்டாம் என்றால், ஃப்ரீ மெக்பூட் என்ற மென்பொருள் ஏற்றிய மெமரி கார்டு ஒன்றை வாங்குங்கள். அதன் வழியாக ஓபன் பிஎஸ்2 லோடர் என்ற மென்பொருளைத் திறந்து, நீங்கள் வைத்திருக்கும் தட்டுகளின் படிகளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டலாம். ஆனால் இந்தக் கருவியின் யூஎஸ்பி பழைய 1.1 வகை, காணொளிக் காட்சிகள் வரும் இடங்களில் திக்கும். உங்களுடையது மெலிந்த கருவி என்றால் பின்புறம் நெட்வொர்க் துளை இருக்கும். விடுதியில் யாருடைய மடிக்கணினியிலாவது ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, நேர் கேபிளில் இணைத்தால் அந்தத் திக்கல் பெருமளவு நின்றுவிடும்.

வைகைக்கரை:

இளவேனில், கிரீஸ் தடவுவதற்கு முன்பு வண்டி எந்தப் பக்கம் நின்றது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்று அக்கா மகனும் நானும் அதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் தடுமாறினோம். இப்போது ஓடுகிறது. அவனிடம் ஏன் இதை வாங்கினாய் என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். வகுப்பில் நால்வரிடம் இது இருக்கிறதாம், தட்டுகளை மாற்றிக்கொள்கிறார்களாம். இந்த வாரம் அவன் முறைக்கு 'கிரிக்கெட் 07' வந்திருக்கிறது.